வேலையைப் படித்த பிறகு ஆளைப் படியுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். கணக்குப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே மாலை நேர வகுப்பில் மனிதவள மேலாண்மை அறிமுகப் பாடத்தில் சேர்ந்திருப்பதாகவும், பாடநூலின் முதல் நான்கு அத்தியாயங்களைப் படித்த பின் ஏமாற்றமே மிஞ்சியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வரையறைகளும் பட்டியல்களுமாக, எல்லோருக்கும் தெரிந்ததையே பெரிய சொற்களில் சொல்லும் இந்தப் பாடத்தை எங்கிருந்து பிடித்துப் படிப்பது என்பது உங்கள் முதல் கேள்வி. மனிதர்களோடு எளிதாகப் பழகும் இயல்பு உங்களுக்கு இருப்பதால் இத்துறைக்கு அதுவே போதாதா என்பது இரண்டாவது. ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவு எப்போதும் நிர்வாகத்தின் ஆள்தான் என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னது உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது. கடைசியாக, அடுத்த பருவத்தில் தொழிலாளர் சட்டம், நிறுவன உளவியல் ஆகிய இரண்டில் எதை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம் பாடத்தின் சரக்கில் இல்லை, அது அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் இருக்கிறது என்பதே என் கருத்து. பொருள், நோக்கம், இயல்பு, செயல்பாடுகள், வரலாறு, சூழல் என்று போகும் அந்த வரிசை தேர்வுத்தாளுக்கு வசதியானது; ஆனால் புதிதாக வருபவருக்கு எந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காக இத்தனை வரையறைகள் உருவாயின என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே நீங்கள் படித்த நான்கு அத்தியாயங்களையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, ஒரு வேலையில் உண்மையில் என்னென்ன செய்யப்படுகிறது, அதற்கு என்ன திறன்கள் வேண்டும் என்று ஆராயும் பணிப் பகுப்பாய்வு என்ற அத்தியாயத்துக்கு நேராகச் செல்லுங்கள். பெரும்பாலான அறிமுக நூல்களில் அது சிறிய அத்தியாயமாகவே இருக்கும். மாணவர்களும் "பணிப் பகுப்பாய்வின் முறைகளை விளக்குக" என்ற ஒற்றைக் கேள்விக்காக அதை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஆட்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி, மதிப்பீடு, ஊதியம், பணியிடப் பாதுகாப்பு என்று பின்னால் வரும் அனைத்தும் அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு வேலை என்னவென்று தெரியாமல் அதற்கு ஆள் தேடவும் முடியாது, அந்த ஆள் நன்றாகச் செய்கிறாரா என்று சொல்லவும் முடியாது.

மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பதிவு மேசையை எடுத்துக்கொள்வோம். அந்த இடம் காலியாகும்போது பொதுவாக எழுதப்படும் விளம்பரம் எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்: ஏதேனும் ஒரு பட்டம், கணினி அறிவு, நல்ல பேச்சுத்திறன், இனிய தோற்றம். இதை எழுதியவர் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு காலை நேர ஷிப்ட் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருந்தால் விளம்பரம் வேறாக இருந்திருக்கும். அங்கே இருப்பவர் பழைய பதிவு எண்ணைத் தொலைத்துவிட்டு வந்தவரின் கோப்பைத் தேடி எடுக்கிறார். ஒரே பெயரும் ஏறக்குறைய ஒரே வயதும் கொண்ட இரண்டு நோயாளிகளின் கோப்புகள் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறார். ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் ரசீதுப் புத்தகமுமாக இருக்கும்போதே, வரிசையின் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கவனித்து உள்ளே அனுப்புகிறார். அப்படி அனுப்பியதற்காகக் கோபப்படும் மற்றவர்களுக்குக் குரல் உயர்த்தாமல் காரணம் சொல்கிறார். ஷிப்ட் முடிவில் ரொக்கத்தை ரசீதுகளோடு ஒப்பிட்டு ஒப்படைக்கிறார். இந்த வேலைகளில் இனிய தோற்றத்தால் நடப்பது ஒன்றுமில்லை.

இவ்வளவையும் எழுதிவைத்துக்கொண்டு, இந்த வேலையை நன்றாகச் செய்பவரையும் சுமாராகச் செய்பவரையும் எது பிரிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தட்டச்சு வேகத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெயர்க் குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் கூர்மை, வரிசையை எப்போது மீறலாம் என்ற தீர்ப்பு, கோபத்தின் நடுவே நிதானம் ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும். இது தெரிந்தவுடன் பாடநூலின் மற்ற அத்தியாயங்கள் ஒவ்வொன்றாகத் தாமே திறக்கும். தேர்வின்போது ஒத்த பெயர்கள் கலந்த ஒரு பதிவுப் பட்டியலைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லலாம். அது பணிமாதிரித் தேர்வு. எந்த அறிகுறிகளைக் கண்டால் செவிலியரை உடனே அழைக்க வேண்டும் என்பதைப் புதியவருக்குக் கற்றுத்தரலாம். அது பயிற்சித் தேவை. மாத முடிவில் எத்தனை கோப்புகள் மாறிப்போயின என்று பார்க்கலாம்; அது மதிப்பீட்டின் அளவுகோல். இத்தனை பொறுப்புள்ள வேலைக்கு இப்போதைய ஊதிய நிலை சரிதானா என்று கேட்கலாம். அது பணி மதிப்பிடல். திங்கட்கிழமை காலையில் ஒரே ஒருவரை அங்கே உட்காரவைப்பது நியாயமா என்ற கேள்வியும் எழும். ஆள்திட்டம் என்ற அத்தியாயம் அங்கிருந்து தொடங்குகிறது.

பணிப் பகுப்பாய்வின் முறைகளாக உற்றுநோக்கல், நேர்காணல், வினாப்பட்டியல், நாட்குறிப்பு என்று உங்கள் நூல் பட்டியலிடும். அவற்றோடு சேர்ந்து வரும் முக்கிய நிகழ்வு முறையைச் சற்று ஊன்றிப் படியுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய இம்முறை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப்படையினரைத் தேர்ந்தெடுக்கவும் பயிற்றுவிக்கவும் நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. "ஒரு நல்ல ஊழியருக்கு என்ன குணங்கள் வேண்டும்?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டால் உழைப்பு, நேர்மை, ஈடுபாடு என்ற வழக்கமான பதிலே வரும். "அண்மையில் ஒருவர் இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள், சொதப்பிய ஒன்றையும் சொல்லுங்கள், அவர் அப்போது என்ன செய்தார்?" என்று கேட்டால் வேலை தன் உண்மையான முகத்தைக் காட்டும். கேள்வியை மாற்றுவதன் மூலம் தகவலின் தரத்தை இவ்வளவு உயர்த்த முடியும் என்பது பொது அறிவாக யாருக்கும் தோன்றிவிடவில்லை. அதற்காக ஒருவர் முறையாக உழைக்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. பழகும் இயல்பு நல்லதுதான். அது இல்லாதவர் இத்துறையில் துன்பப்படுவார். ஆனால் அதையே நம்பி முடிவெடுப்பவரால் மற்றவர்கள் துன்பப்படுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்றாகப் பழகத் தெரிந்தவர்கள், ஆளைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிட முடியும் என்று தங்களைப் பற்றி நம்பத் தொடங்குவதை நான் பல நேர்காணல் அறைகளில் பார்த்திருக்கிறேன். மனம்போன போக்கில் நடத்தப்படும் இன்டர்வியூவில், கேள்வி கேட்பவர் தன்னைப் போலவே பேசுகிறவரையும், தன் கல்லூரியில் படித்தவரையும், தன் நகைச்சுவைக்குச் சிரித்தவரையும் தகுதியானவராகக் காண்கிறார். அதற்கான காரணங்களைப் பிறகுதான் தேடிக்கொள்கிறார்.

இதைப் பற்றி உங்கள் நூலில் ஒரு பத்தியாவது இருக்கும். உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் இருவரும் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரை, தேர்வு முறைகள் ஒவ்வொன்றும் பிற்காலப் பணித்திறனை எந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்கின்றன என்று ஒப்பிட்டது. பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுப் பொருத்தம் என்ற அளவில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடும் கட்டமைந்த நேர்காணலுக்கு 0.51-ம், கட்டமைப்பற்ற நேர்காணலுக்கு 0.38-ம், அனுபவ ஆண்டுகளுக்கு 0.18-ம் கிடைத்தன. அத்தொகுப்பில் கையாளப்பட்ட புள்ளியியல் திருத்தங்கள் மிகையானவை என்று வாதிட்டு, பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் 2022-இல் மறுகணக்கு செய்தபோது கட்டமைந்த நேர்காணல் 0.42-க்கும் கட்டமைப்பற்றது 0.19-க்கும் இறங்கின. எண்கள் மாறினாலும் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி நிலைத்தது, சொல்லப்போனால் அகன்றது. மிகச் சிறந்த முறைகூட 1-ஐ நெருங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மனிதர்களைத் தேர்ந்தெடுப்பதில் தவறு நிச்சயம் நேரும்; அந்தத் தவறு யார் மீது விழுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதே இத்துறை கேட்கும் கேள்வி. பல நிறுவனங்கள் அனுபவ ஆண்டுகளைத்தான் விளம்பரத்தின் முதல் வரியில் போடுகின்றன என்ற நிலையில், இப்பாடம் பொது அறிவா என்ற உங்கள் ஐயத்துக்கு அந்த 0.18 ஓரளவு பதில் சொல்லும்.

ஆண்டு மதிப்பீட்டிலும், அதாவது அப்ரைசலிலும், இதே நோய் வேறு பெயரில் வருகிறது. இராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை 1920-இல் ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவற்றுக்கு அளிக்கப்பட்ட மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போவதைக் கண்டார். ஒரு பண்பில் நன்றாகத் தெரிபவருக்கு மற்ற எல்லாவற்றிலும் மதிப்பெண் ஏறிவிடுகிறது. பாடநூல்கள் இதை ஒளிவட்ட விளைவு என்று குறிக்கின்றன. சமீபத்தில் நடந்தது மட்டும் நினைவில் நிற்பது, எல்லோருக்கும் நடுத்தர மதிப்பெண் போட்டுத் தப்பித்துக்கொள்வது போன்ற மற்ற பிழைகளை நீங்களே படித்துப் புரிந்துகொள்வீர்கள். அவற்றுக்கு என் விளக்கம் தேவையில்லை.

வரலாற்றுப் பகுதியைத் தள்ளிவிடச் சொன்னேன். ஆனால் அதில் இரண்டு இடங்களுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். ஒன்று, தொழிலாளர்களின் வேலையை அளந்து முறைப்படுத்த முயன்ற அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர். அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒரு தொழிலாளி, ஓய்வு நேரம் உட்பட அனைத்தும் கணக்கிட்டு வகுக்கப்பட்ட முறையில் வேலை செய்து, நாளுக்கு 12.5 டன்னிலிருந்து சுமார் 47 டன்னுக்கு முன்னேறினார் என்று டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்தத் தொழிலாளியின் நாள்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. கணக்கர் என்ற முறையில் நீங்கள் இந்த இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உழைப்பின் பயன் நான்கு மடங்கை நெருங்குகிறது, கூலி ஏறக்குறைய 60 சதவீதம் ஏறுகிறது. டெய்லர் சொன்ன விவரங்கள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள்; ஆயினும், முறையால் விளைந்த ஆதாயம் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அந்த விகிதங்கள் எழுப்பும் கேள்வி இன்றைய ஊக்கத்தொகைத் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் உயிரோடு இருக்கிறது.

மற்றொன்று, சிகாகோவை ஒட்டிய ஹாதோர்ன் தொழிற்கூடத்தில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியை உயர்த்தியது என்று நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். ரிலே என்ற தொலைபேசி மின் உறுப்பைப் பொருத்தும் பெண்களின் சிறு குழுவில், அதிகம் பேசியதற்காகவும் ஒத்துழைக்காததற்காகவும் இருவர் 1928-இன் தொடக்கத்தில் விலக்கப்பட்டு வேறு இருவர் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும், அக்குழுவுக்குத் தனிக் கூலிமுறை இருந்தது என்பதையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது. உற்பத்தி உயர்ந்ததற்கு மகிழ்ச்சி காரணமா, கூலி காரணமா, ஆள் மாற்றம் காரணமா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. கம்பி இணைப்பு அறையில் 14 ஆண்களைக் கொண்டு பின்னர் நடந்த உற்றுநோக்கலில் இதற்கு நேர்மாறானது தென்பட்டது. குழு ஊக்க ஊதியம் இருந்தும், நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டு, அதை மீறியவரைக் கண்டித்தார்கள். வரம்பை மீறி உழைத்தால் நாளை கூலி விகிதம் குறைக்கப்படும் அல்லது ஆள் குறைக்கப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

ஊக்கக் கோட்பாடுகளில் நெடுநேரம் நிற்க வேண்டாம். உளவியலாளர் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில், மனிதத் தேவைகளை அடிப்படையானவற்றிலிருந்து உயர்ந்தவை வரை அடுக்கும் தேவைகளின் படிநிலை உண்டு. உங்கள் நூலில் வண்ணத்தில் அச்சிட்டிருக்கும் பிரமிடு அதில் இல்லை, அது பிறர் வரைந்தது. வேலையில் நிறைவு தருபவை வேறு, குறை தருபவை வேறு என்று சொன்ன உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வு சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கண்டு பேசியதன் அடிப்படையில் அமைந்தது. அந்தச் சிறிய வட்டத்திலிருந்து உலகின் எல்லா உழைப்பாளிகளுக்கும் ஒரு விதி செய்வது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வியோடு அதைப் படியுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் ஒவ்வொரு கோட்பாட்டின் ஓரத்திலும் குறித்துக்கொள்ளும் பழக்கம் இப்பாடத்தில் உங்களுக்கு நெடுங்காலம் உதவும்.

கணக்குப் பிரிவு அனுபவத்தை இங்கே பயனற்றதாக நினைத்துவிடாதீர்கள். சராசரியாக 200 பேர் பணியாற்றும் நிறுவனத்தில் ஓராண்டில் 30 பேர் விலகினால், பணிவிலகல் விகிதம் 15 சதவீதம் என்று எவரும் கணக்கிடலாம். அத்துடன் நிறுத்திவிட்டால் அடுத்த கூட்டத்தில் "சம்பளத்தை உயர்த்த வேண்டும்" என்று ஒருவரும் "இந்தக் காலத்து இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை" என்று மற்றொருவரும் சொல்லி விவாதம் முடிந்துவிடும். அந்த 30 பேரில் 24 பேர் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விலகியிருக்கிறார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் என்றும் பிரித்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். வேலையைப் பற்றி அவர்களுக்குச் சேரும்போது என்ன சொல்லப்பட்டது, முதல் வாரத்தில் யார் கற்றுக்கொடுத்தார்கள், அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் எப்படி நடத்துகிறார் என்பவை அப்போது ஆராய வேண்டியவையாகும். எண்ணைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கண் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

ஹெச்.ஆர். நிர்வாகத்தின் ஆள் என்று உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. அப்பிரிவுக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். ஆட்குறைப்பு ஆணையைத் தட்டச்சு செய்வதும் அப்பிரிவே. இதை மறைத்து, நாங்கள் ஊழியர்களின் நண்பர்கள் என்று மட்டும் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். இத்துறைக்குள்ளேயே இந்த இழுபறி உண்டு. 1984-இல் வெளிவந்த இரண்டு மாதிரிகளை உங்கள் நூல் குறிப்பிடும். மிச்சிகன் மாதிரி, ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், மதிப்பிடுதல், வெகுமதி அளித்தல், மேம்படுத்துதல் அனைத்தையும் நிறுவனத்தின் உத்திக்கு இசையச் செய்வதைப் பேசுகிறது. ஹார்வர்டு மாதிரி, ஊழியர், தொழிற்சங்கம், அரசு, சமூகம் என்று பலருக்கும் இதில் அக்கறை உண்டு என்று தொடங்கி, ஊழியர் நலனையும் விளைவுகளில் ஒன்றாக வைக்கிறது. நான் இரண்டாவதன் பக்கம் நிற்பவன். ஆனால் நல்லெண்ணத்தால் மட்டும் அப்பக்கம் நிற்க முடியாது என்பதால், செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒருவரைப் பாதிக்கும் முடிவு எடுக்கப்படும்போது, அதன் காரணம் எழுத்தில் இருக்கிறதா, பாதிக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புப் பெற்றாரா, அவருடைய முறையீட்டை முடிவெடுத்தவரே விசாரிக்காமல் வேறொருவர் விசாரிக்கிறாரா என்ற மூன்றையும் கேட்கும் இடத்தில் ஹெச்.ஆர். அலுவலர் இருக்கிறார். இவற்றைக் கேட்காத அலுவலரைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது முழு உண்மை.

அதனாலேயே விருப்பப் பாடமாகத் தொழிலாளர் சட்டத்தை எடுக்கும்படி பரிந்துரைக்கிறேன். உளவியலின் அடிப்படைகள் அறிமுகப் பாடத்திலேயே ஓரளவு கலந்து வருகின்றன. மீதியைப் பின்னர் தனியாகவும் படித்துக்கொள்ளலாம். சட்டத்தைத் தனியாகப் படிப்பது கடினம், அரைகுறையாகப் படிப்பது ஆபத்து. உங்கள் நாட்டுச் சட்டங்களுக்குள் நுழையுமுன், 1919-இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சில உடன்படிக்கைகளை மூல வடிவில் வாசியுங்கள்: சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87-ஆம் எண் (1948), கூட்டுப் பேரம் பற்றிய 98-ஆம் எண் (1949), சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் பற்றிய 100-ஆம் எண் (1951), பாகுபாடு பற்றிய 111-ஆம் எண் (1958). ஒவ்வொன்றும் சில பக்கங்களே. 100-ஆம் எண்ணை வாசிக்கும்போது, அது "ஒரே வேலை" என்று சொல்லாமல் "சம மதிப்புள்ள வேலை" என்று சொல்வதைக் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு வேலைகளின் மதிப்பு சமம் என்று நிறுவ வேண்டுமானால் இரண்டையும் அவற்றின் உள்ளடக்கத்தைக் கொண்டு ஒப்பிட வேண்டும். அந்த உடன்படிக்கையின் 3-ஆம் உறுப்பு, வேலைகளை அவ்வாறு புறவயமாக மதிப்பிடும் வழிமுறைகளை ஊக்குவிக்கச் சொல்கிறது.

இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு பயிற்சியும் செய்து பாருங்கள். உங்கள் பிரிவில் நீங்கள் செய்யாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்பவரிடமும் மேலாளரிடமும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்கி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வேலையின் பணி விவரத்தை நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவரையும் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மேலாளரிடமிருந்து மூன்றாவது பக்கத்தைப் பெறுங்கள். மூன்றும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டு, அவ்விடங்களைப் பற்றி இருவரிடமும் மறுபடி பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்